அளவுத் திட்டில் குடியேறிய அம்மன்

விருத்தாம்பாளுக்குக் கோபம் வந்தால் கத்த மாட்டாள். முந்தானையை இழுத்து இடுப்பில் செருகிக்கொள்வாள், அவ்வளவுதான். அதைப் பார்த்த பிறகும் அவளிடம் வாய் கொடுக்கிற ஆள் அபிஷேகப்பாக்கத்தில் கிடையாது. அவள் புருஷன் இருசப்பனையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

பிறந்தது சுத்துக்கேணியில். வாக்கப்பட்டு இந்தப் பக்கம் வந்தாள். நாற்றுப் பிடுங்க, நடவு நட, களை எடுக்க, கரும்புக்குச் சோகை உரிக்க என்று எந்த வேலைக்கும் முதல் ஆளாக இறங்குவாள். பொழுது சாய ஆம்பளை வாங்குகிற கூலியில் பாதியை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வருவாள். பொம்பளைக் கூலி என்றால் பாதிதான். அது ஏன் என்று அந்தக் காலத்தில் யாரும் கேட்டதில்லை, அவளும் கேட்டதில்லை.

எழுபத்துநாலில் ஒரு பஞ்சம் வந்தது. அப்போது ஊரில் பாதிப் பேர் போலத்தான் இவர்களும் வீட்டைப் பூட்டிவிட்டு, லாரி ஏறி, செங்கல்பட்டுப் பக்கம் ஒரு சூளைக்குக் கல் அறுக்கப் போனார்கள். தலைச்சன் பிள்ளை அப்போதுதான் தத்தித் தத்தி நடந்துகொண்டிருந்தான். சூளைத் தண்ணீர் ஒத்துக்கொள்ளவில்லை. பேதி கண்டு ரெண்டே நாளில் போய்விட்டான். ஒரு வாய்க்கால் ஓரமாகப் புதைத்துவிட்டு, மறுநாள் காலையில் இரண்டு பேரும் மறுபடி கல் அறுக்க உட்கார்ந்தார்கள். உட்காராவிட்டால் மேஸ்திரி விடமாட்டான். அந்த வாய்க்கால் எங்கே இருக்கிறது என்று இன்றைக்குக் கேட்டால் அவளுக்குச் சொல்லத் தெரியாது. ஊர் திரும்பிப் பூட்டைத் திறக்கும்போது ஒன்று சொன்னாள்: "இனிமே இந்த வூட்டப் பூட்டிக்கினு நான் எங்கியும் போவ மாட்டேன்."

அப்படிப்பட்டவளுக்கு எண்பத்திரண்டில் மறுபடி சோதனை வந்தது. ஐப்பசியும் ஏமாற்றியது, கார்த்திகையும் ஏமாற்றியது. தை பிறந்தபோது ஏரி, கால் நுழைகிற அளவுக்கு வெடித்துக் கிடந்தது. நடவு இல்லை, களை இல்லை, அறுப்பு இல்லை. சேதராப்பட்டில் ஒரு கம்பெனியில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்த இருசப்பனை, கரண்ட் இல்லை, சரக்கும் போகவில்லை என்று சொல்லி வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். கடைக்காரர்கள் ஈ ஓட்டினார்கள். ஊரில் பச்சையாக இருந்தது ஒன்றே ஒன்று, போர் போட்டவர்களின் கரும்பு. சூளைக்காரனின் லாரி வெள்ளிக்கிழமைதோறும் ஏரிக்கரை முனையில் வந்து நின்று ஹாரன் அடிக்க ஆரம்பித்தது.

அந்தச் சமயத்தில்தான் சர்க்கார் வறட்சி நிவாரணம் என்று ஏரி தூர் எடுக்கிற வேலையைத் திறந்தது. கொம்யூன் ஆபீசிலிருந்து (புதுச்சேரிப் பக்கம் பஞ்சாயத்து ஆபீசுக்கு அதுதான் பேர்) ஆள் வந்து தமுக்கு அடித்துச் சொல்லிவிட்டுப் போனான். பாதிக் கூலி அரிசி, பாதி துட்டு. விருத்தாம்பாள் முதல் நாளே கூடையும் சும்மாடுமாகப் போய் நின்றாள். எட்டுப் பொம்பளைகளைச் சேர்த்துத் தனியாக ஒரு செட்டு பிடித்தாள். கோயில் தெருவிலிருந்து வந்த அன்னாமேரி அவளுக்கு வலது கை. அன்னாமேரி மாதா கோயிலுக்குப் போகிறவள், இவள் மாரியம்மன் கோயிலுக்குப் போகிறவள். மண் சுமக்கிற தலைக்கு அதெல்லாம் தெரியுமா?

முதல் கூலி போட்ட அன்றைக்குத்தான் விஷயமே விளங்கியது. இங்கே ஆளுக்குக் கூலி இல்லை, மண்ணுக்குக் கூலி. எவ்வளவு நீளம், எவ்வளவு ஆழம் வெட்டி எடுத்தாயோ அதற்குத் துட்டு. வெட்டினது ஆம்பளையா பொம்பளையா என்று டேப்புக்குத் தெரியாது. பக்கத்துக் குழி ஆம்பளைச் செட்டு வாங்கினதையே இவர்களும் வாங்கினார்கள். அன்னாமேரி அரிசியை மடியில் கட்டிக்கொண்டு, "அக்கா, இவங்க ஏமாந்து குடுக்கிறாங்களா, இல்ல இத்தினி வருசமா நம்மள ஏமாத்தி வேல வாங்கினாங்களா?" என்று கேட்டாள். விருத்தாம்பாள் வீடு வருகிற வரைக்கும் தனக்குத்தானே சிரித்துக்கொண்டு வந்தாள்.

ஆழத்தை எப்படி அளப்பது? அதற்கு ஒரு வழி உண்டு. குழி வெட்டும்போது நடுநடுவே ஒரு முழ அகலத்துக்கு மண்ணைத் தொடாமல் தூண் மாதிரி விட்டுவிடுவார்கள். சுற்றி வெட்ட வெட்ட அது உயர்ந்து நிற்கும். அதன் தலையில் பழைய தரையின் புல்கூட அப்படியே இருக்கும். அதுதான் அளவுத் திட்டு. தலையிலிருந்து அடிவரை டேப் பிடித்தால் வெட்டின ஆழம் தெரிந்துவிடும். திட்டு நின்றால் கூலி. திட்டு சரிந்தால் நீ வெட்டினதற்குச் சாட்சியே கிடையாது.

இந்த வேலை பிடிக்காதவர் ஒருவர் ஊரில் இருந்தார். மிராசுதார் சுப்பராயலு. இரண்டு போர்செட்டு, நாற்பது காணிக்கு மேல் கரும்பு, எதிர்க்கட்சியின் கொம்யூன் தலைவர். சும்மா சொல்லக்கூடாது, கெட்ட மனுஷன் இல்லை. விருத்தாம்பாள் வாக்கப்பட்டு வந்தபோது ஒரு மூட்டை நெல் கொடுத்தவர். ஆனால் பாகூர் கூட்டத்தில் மைக் பிடித்தால் அவரை நிறுத்த முடியாது. "மண்ண எடுத்துக் கரையில கொட்றாங்க, மழ வந்தா அதே மண்ணு ஏரிக்குள்ள வுழப்போவுது. இதுக்குப் பேரு நிவாரணமா? இது ஓட்டுக்குப் போடற தீனி!" என்பார். நிஜமாகவே அப்படித்தான் நம்பினார். அவருடைய கரும்பு வெட்டு ஆளில்லாமல் நின்றது என்பதும் நிஜம்.

ஒருநாள் ஏரிக்கரையிலேயே வந்து விருத்தாம்பாளைக் கூப்பிட்டார்.

"இன்னாம்மா, கரும்பு வெட்டுக்கு ஒருத்தரும் வர மாட்டேன்றீங்க? நேத்து வந்த கெவர்மெண்டு பெருசாப் பூடுச்சா?"

"வர்றேங்கய்யா. ஆம்பளைக்கு இன்னா குடுக்கிறீங்களோ, அத எங்களுக்கும் குடுங்க. நாளைக்கே வந்துடறோம்."

அவர் சிரித்தார். ஏதோ வேடிக்கை பேசுகிறாள் என்று நினைத்துவிட்டார். அவள் சிரிக்காமல் நிற்பதைப் பார்த்ததும் மனுஷனுக்கு முகம் சிறுத்துப் போய்விட்டது.

அதற்கப்புறம் மேலிடத்துக்கு ஒரு புகார் போனது. ஏரியில் மண்ணே வெட்டவில்லை, எல்லாம் பொய்க் கணக்கு என்று. பெரிய எஞ்சினியர் நேரில் வந்து அளக்கிறவரை கூலியை நிறுத்தி வைக்கச் சொல்லி உத்தரவு வந்துவிட்டது. ஓவர்சியர் தணிகைவேல் சின்ன வயசுக்காரன். கையைப் பிசைந்துகொண்டு சொன்னான்: "திட்டு நிக்குது இல்ல, பயப்படாதீங்க. வந்து அளந்தா தெரிஞ்சுடும்."

மறுநாள் காலையில் போய்ப் பார்த்தால் மேற்கு ஓரத்தில் இரண்டு திட்டுகள் உடைந்து தரையோடு தரையாகக் கிடந்தன. மாடு முட்டினதாம். மாடு முட்டின இடத்தில் கடப்பாரைத் தழும்பு எப்படி வரும்? யார் உடைத்தது என்று யாரும் பார்க்கவில்லை, பார்த்தவனும் சொல்லப் போவதில்லை. அந்தக் குழிக்காரர்கள் பாடுபட்டதெல்லாம் ஒரே ராத்திரியில் ஒன்றுமில்லாமல் போய்விட்டது. தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார்கள். "வெள்ளிக்கெழம லாரிக்கே பூடலாம்பா" என்று ஒருவன் ஆரம்பித்தான். இன்னும் நாலு பேர் தலையாட்டினார்கள்.

மிச்சத் திட்டுகளும் போனால் வேலையை மூடிவிடுவார்கள். வேலை மூடினால் லாரிதான். காவலுக்குப் போலீஸ் கேட்டால் மண்ணுக்கா காவல் என்று சிரிப்பார்கள். விருத்தாம்பாள் வீட்டுக்குப் போனாள். மஞ்சளை அரைத்தாள், குங்குமச் சிமிழை எடுத்தாள், வேப்பங்கொத்து ஒடித்தாள். திரும்பி வந்து, தன் குழியின் நடுவில் நின்ற பெரிய திட்டுக்கு முகம் பார்த்து மஞ்சள் பூசினாள், பொட்டு வைத்தாள், தலையில் வேப்பிலை சொருகினாள். மற்றத் திட்டுகளுக்கும் ஆளுக்கொரு பொட்டு.

"இன்னாக்கா இது?" என்றாள் செட்டுக்காரி ஒருத்தி.

"கும்புட்டுக்கோ" என்றாள் விருத்தாம்பாள். அம்மன் என்று அவள் வாயால் சொல்லவே இல்லை.

சொல்லவா வேண்டும்? சாயங்காலத்துக்குள் யாரோ விளக்கேற்றிவிட்டார்கள். மறுநாள் ஒருத்தி சாமி வந்து ஆடினாள். அதற்கு மறுநாள் பக்கத்து ஊர்களிலிருந்து கூழ் குடம் வந்தது. அன்னாமேரி வீட்டில் செருகி வைத்திருந்த போன வருஷத்துக் குருத்தோலைச் சிலுவையைக் கொண்டுவந்து கிழக்குத் திட்டில் நட்டாள். "எங்க பங்குக்கு" என்று கண்ணடித்தாள். அப்புறம் எந்த மாடும் அந்தப் பக்கம் முட்ட வரவில்லை!

எஞ்சினியர் வந்தார். வந்தவர் செருப்பைக் கழற்றிவிட்டுக் குழிக்குள் இறங்கினார். கன்னத்தில் போட்டுக்கொண்டு டேப் பிடித்தார். அளவு சரியாக இருந்தது. உடைந்த இரண்டு குழிக்கும்கூடப் பக்கத்துத் திட்டுகளை வைத்து ஒரு கணக்குப் பார்த்துக் கொடுத்தார். புகார் பொய் என்று ஆனது, நின்ற கூலி வந்தது, ஏரிக்கரையில் அன்றைக்கு ஒரே விசில். வெட்டின இடத்தில் திட்டுகளையும் வெட்டிச் சமன் பண்ணி முடித்தால், மதகுப் பக்கத்தில் அடுத்த வேலைக்கு உத்தரவு தருவதாகச் சொல்லிவிட்டுப் போனார். மழைக்காலம் வரைக்கும் தாங்குகிற வேலை அது.

மறுநாளே சுப்பராயலு வந்தார். இந்தமுறை கையில் மைக் இல்லை. ஒரு மாலை, பின்னால் பந்தல் போட நாலு ஆள். பெரிய திட்டுக்கு மாலையைப் போட்டு, தரையில் விழுந்து கும்பிட்டு எழுந்தார்.

"ஆத்தா தானா வந்து குடியேறின எடம் இது. இங்க மண்வெட்டி வெச்சா ஊரு தாங்காது. ஏரி வேல இத்தோட போதும். இங்கியே நான் என் செலவுல கோயில் கட்டித் தர்றேன்" என்றார்.

மனுஷனுடைய மூளையை என்ன சொல்ல! உடைக்க முடியாததைக் கும்பிட்டே ஜெயித்துவிட்டார். ஆளுங்கட்சிக்காரர் சும்மா இருப்பாரா? சாமி பேர் எதிர்க்கட்சிக்குப் போய்விடக் கூடாதே என்று அவரும் ஓடி வந்து, இன்னும் பெரிய மாலையாகப் போட்டு, நூற்றெட்டுத் தேங்காய் உடைத்தார். வேலை கொடுத்த கட்சியும் வேலையை எதிர்த்த கட்சியும் ஒரே பந்தலில் விபூதி வாங்கிக்கொண்டன. தணிகைவேல் விருத்தாம்பாளைத் தனியாகக் கூப்பிட்டு, "சாமி விஷயம்கா. மேல கேட்டேன், கை வெக்காதேன்னுட்டாங்க. திட்டு போவலைன்னா அடுத்த வேல இல்ல. வர்ற சனிக்கெழம நான் டேப்பச் சுத்திக்கினு போவணும்" என்றான். அழுதுவிடுவான் போல இருந்தது.

அவள் செட்டையே கூட்டி வைத்துக் கேட்டாள். திட்டை எடுத்துவிடலாமா? ஒருத்தி காதைப் பொத்திக்கொண்டாள். ஒருத்தி எழுந்தே போய்விட்டாள். ஆம்பளைகள் பக்கம் இன்னும் மோசம். மீசையை முறுக்குகிறவன் எல்லாம் வானத்தைப் பார்த்தான்.

வீட்டில் இருசப்பன் தலையைக் குனிந்துகொண்டு சொன்னான்: "நீ வெச்சதுதான், நான் இல்லேன்னு சொல்லல. ஆனா இத்தினி பேரு கும்புட்டதுக்கு அப்பறம் அவ வந்துட்டிருந்தா? ஒரு புள்ளயக் குடுத்துட்டோம். மிச்சம் ரெண்டு இருக்குது. வாணாம் விருத்தா."

அவளும் உடனே மண்வெட்டியைத் தூக்கிவிடவில்லை. காரணம் இருந்தது. புருஷனுக்குத் தெரியாத ஒன்று. எல்லாரும் கும்பிட்டுப் போன பிறகு அவளும் அந்தத் திட்டின் முன்னால் போய் நின்றிருக்கிறாள். முதல் தடவை, விளக்கு அணையாமல் இருக்கிறதா என்று பார்க்கத்தான் போனாள். இரண்டாம் தடவை வாய் தானாகத் திறந்துகொண்டது. வாய்க்கால் ஓரத்தில் விட்டுவிட்டு வந்த பிள்ளையைப் பற்றி, இத்தனை வருஷத்தில் யாரிடமும் சொல்லாததை எல்லாம் அந்த மண்ணிடம் சொல்லி அழுதாள். அழுத பிறகு நெஞ்சு லேசானதும் உண்மை. தான் பூசின மஞ்சள்தான் என்று தெரிந்தும் அவளுக்குப் பயமாக இருந்தது. வெறும் மண் என்று அவளாலேயே இப்போது துணிந்து சொல்ல முடியவில்லை.

விடிந்தால் வெள்ளிக்கிழமை. காலையிலேயே லாரி வந்து ஹாரன் அடித்தது. பாய், சட்டி, கோழிக்கூடு என்று தூக்கிக்கொண்டு நாலைந்து குடும்பம் கரை முனையில் நின்றுகொண்டிருந்தது. பந்தலில் பொங்கல் பொங்கிக்கொண்டிருந்தது. சுப்பராயலு நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். விருத்தாம்பாள் மண்வெட்டியையும் கூடையையும் எடுத்துக்கொண்டு கரையிலிருந்து நேராகக் குழிக்குள் இறங்கினாள்.

திட்டைச் சுற்றி நின்ற கூட்டம் விலகியது. அவள் விழுந்து கும்பிட்டாள், ஒப்புக்கு இல்லை, நெற்றி மண்ணில் பட. எழுந்து நின்று எல்லார் காதிலும் விழுகிற மாதிரி பேசினாள்.

"ஆத்தா, உன்ன இங்க கொண்டாந்து வெச்சது நானு. எங்க கூலியக் காப்பாத்தறதுக்குக் கூப்ட்டேன். வந்தே, காப்பாத்துனே. நான் அழுததையும் கேட்டே. போதும். இப்ப நீ இங்க இருந்தா நாங்க ஊரு வுட்டுப் போவணும். அதோ லாரி நிக்குது பாரு. அதனால நீ கெளம்பு. கோவம்னா என் ஒருத்தி மேல காட்டு."

மாலையைக் கழற்றினாள். வேப்பிலையை எடுத்துக் கண்ணில் ஒற்றிக் கூந்தலில் சொருகிக்கொண்டாள்.

"ஏய், இன்னாடி பண்றே?" சுப்பராயலு நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டார். "சாமி குத்தம்டி! ஊரையே அழிச்சிடும்!"

"ஊரு அழியறத நான் ஒருதரம் பாத்துட்டேங்கய்யா. அது சாமியால இல்ல, லாரியால" என்றாள். மண்வெட்டியை ஓங்கினாள்.

முதல் வெட்டில் மஞ்சள் முகம் பிளந்தது. கூட்டத்தில் ஒருத்தி வீலென்று அலறினாள். விருத்தாம்பாள் நிறுத்தவில்லை. இரண்டாவது, மூன்றாவது. காய்ந்த களிமண் பாளம் பாளமாக விழுந்தது. வாரிக் கூடையை நிரப்பினாள். குங்குமம் கலந்த மண். சும்மாட்டைத் தலையில் வைத்துக்கொண்டு நிமிர்ந்தாள்.

அங்கேதான் சிக்கல். நிறைந்த மண்கூடையைத் தன்னந்தனியாகத் தலைக்கு ஏற்ற எந்தக் கொம்பனாலும் முடியாது. எதிரே நின்று இன்னொருவர் ஒரு கை பிடித்துத் தூக்கிவிட வேண்டும். "யாராச்சும் ஒரு கை குடுங்க" என்றாள். ஒருவரும் அசையவில்லை. அவளோடு ஒரே குழியில் வெட்டினவர்கள், அவள் பொட்டு வைத்த திட்டால் கூலி வாங்கினவர்கள், அத்தனை பேரும் மரமாக நின்றார்கள்.

அன்னாமேரிதான் கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு வந்தாள். "நான் தூக்கறேங்க்கா."

"நீ இருடி" என்றாள் விருத்தாம்பாள். "நீ தூக்கினா, வேதக்காரிக்கு இன்னா பயம்னுடுவாங்க. இது நாங்க கும்புட்ட சாமி. எங்காளு ஒருத்தன்தான் தூக்கணும்."

சொல்லிவிட்டு இருசப்பனைப் பார்த்தாள். அவன் கரைச் சரிவில் நின்றுகொண்டிருந்தான். முகத்தில் ரத்தமே இல்லை. வாணாம் வாணாம் என்று அவன் தலை ஆடிக்கொண்டிருந்தது, கால்கள் மட்டும் இறங்கி வந்தன. கூடை முன்னால் வந்து நின்றான். குனிந்து அந்த மண்ணைத் தொட்டு இரண்டு கண்ணிலும் ஒற்றிக்கொண்டான். பிறகு ஒரு பக்கம் பிடித்துத் தூக்கி அவள் தலையில் ஏற்றிவிட்டான்.

அவள் கரை ஏறிப் போய்க் கொட்டினாள். திரும்பி வரும்போது அவளுடைய செட்டுக்காரி ஒருத்தி குழிக்குள் கூடை நிரப்பிக்கொண்டிருந்தாள். அப்புறம் இன்னொருத்தி. அன்னாமேரி குருத்தோலைச் சிலுவையை மடியில் பத்திரப்படுத்திக்கொண்டு கிழக்குத் திட்டில் கடப்பாரையைப் போட்டாள். மீசைக்காரர்கள், தாங்கள்தான் ஆரம்பித்து வைத்தவர்கள் மாதிரி சத்தம் போட்டுக்கொண்டு இறங்கினார்கள். கரை முனையில் பாயும் சட்டியும் தரைக்கு இறங்கின. லாரிக்காரன் இன்னும் கொஞ்ச நேரம் ஹாரன் அடித்துப் பார்த்துவிட்டு வண்டியைத் திருப்பினான். சுப்பராயலு பொங்கலை அப்படியே விட்டுவிட்டு எப்போது போனார் என்று யாரும் கவனிக்கவில்லை.

மத்தியானத்துக்குள் ஏரியின் அந்தப் பகுதி சமமாகிவிட்டது. தணிகைவேல் டேப்போடு வந்து, இனி மதகுப் பக்கம் போகலாம் என்று சந்தோஷமாகச் சொன்னான். விருத்தாம்பாள் நகரவில்லை. உடம்பெல்லாம் மண், நெற்றியில் வியர்வையோடு வழிந்த குங்குமம்.

"சார், இன்னிக்கு வெட்டினதையும் அளவுல சேத்துக்கோங்க."

தணிகைவேல் விழித்தான். "எதக்கா? அம்மனயா?"

"அம்மன் போயிட்டா சார்" என்றாள். "மண்ணுதான் இருக்குது. எங்க செட்டு வெட்டின மண்ணு. எழுதுங்க."